கிருபா கையில் மைக்

சூலூருக்குத் தெற்கே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு காலனி. அங்கே பஸ் போகாது. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வயசானவர்கள், யாராக இருந்தாலும் ஓடைப் பள்ளத்தின் மேல் இருக்கும் பாலத்தைத் தாண்டி மெயின் ரோடு வரைக்கும் நடைதான். தேர்தலுக்குத் தேர்தல் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் பஸ் விடுகிறோம் என்பார்கள். ஓட்டு எண்ணி முடித்ததும் ஜீப்பும் வராது, பஸ்ஸும் வராது.

இந்தத் தடவை டிவிக்காரர்கள் வந்தார்கள். தொகுதியில் நிற்கிற முக்கியமான நான்கு பேரையும் கல்யாண மண்டபத்தில் ஒரே மேடையில் உட்கார வைத்து விவாதம் நடத்தப்போகிறோம், உங்கள் காலனியிலிருந்தும் ஒரு ஆள் கேள்வி கேட்கலாம் என்றார்கள்.

"ஜீப்புல சொன்னதெல்லாம் காத்தோட போச்சு. டிவியில சொல்லிப்போட்டா அப்பறம் இல்லீன்னு சொல்ல முடியாதல்லொ? செல்லுல புடிச்சு வெச்சுக்கலாம்" என்றாள் ராசாத்தாள். காலனியில் எதற்கும் முதலில் வாய் திறக்கிறவள் அவள்தான்.

கேள்வி கேட்க கிருபாவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதம் வாசிக்கிறவள் அவள். கம்பெனியில் மிஷின் சத்தத்துக்கு நடுவிலும் அவள் குரல் தனியாகக் கேட்கும். பஸ் எப்போது வரும் என்று யார் திட்டமாகச் சொல்கிறாரோ அவருக்கே காலனி ஓட்டு என்றும் பேசி முடிவு செய்துகொண்டார்கள். அதனால் கிருபா வாங்கி வருகிற பதிலில்தான் எல்லாம் இருந்தது. பனியனில் ஓட்டை விழுந்ததைப் பார்த்துப் பிரிக்கிற வேலையின் நடுவே அந்த ஒரு வரியை அவள் உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள்: "எங்க காலனிக்கு எப்பங்க பஸ் விடுவீங்க?"

மண்டபத்தில் மாப்பிள்ளை பெண் உட்காரும் இடத்தில் நான்கு நாற்காலி. நூல் விலையைப் பற்றி வெங்கடலட்சுமி என்கிற வேட்பாளர் பேச ஆரம்பித்தார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் எதிர்த்து நிற்கிற கோவிந்தராஜுலு மேசையைத் தட்டினார். மற்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசும்போது விவாதத்தை நடத்துகிற டிவித் தம்பி தடுக்கவில்லை, கேமராக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அங்கேதான் கைதட்டலும் கிடைத்தது. யாரோ ஒரு விவசாயி தண்ணீரைப் பற்றிக் கேட்டார். "அருமையான கேள்வி" என்று தொடங்கிய பதில், எதிராளியின் தம்பி கட்டிய பங்களாவில் போய் முடிந்தது. கேட்ட மனிதர் நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பிறகு கிருபா கைக்கு மைக் வந்தது.

இங்கேதான், என் கண்ணுகளா, அவளைக் குற்றம் சொல்லாமல் கேட்க வேண்டும். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஊருக்கு வந்தவர்களை ஆளாளுக்கு முகம் பார்த்து 'வாங்க' என்று சொல்ல வேண்டும். ஒருத்தரை விட்டுவிட்டால், அந்தம்மா என்னை வாங்கன்னே கேட்கவில்லை என்று அடுத்த கல்யாணம் வரைக்கும் பேச்சு நிற்காது. மண்டபம் வேறு, மேடை வேறு, வந்திருப்பவர்கள் பெரியவர்கள் வேறு. கிருபாவுக்கு வார்த்தை தானாக வந்துவிட்டது.

"வாங்கம்மா, நல்லாருக்கீங்களா?"

வெங்கடலட்சுமி கை கூப்பினார். "நல்லாருக்கனுங்க."

"வாங்கண்ணா... வாங்க சார், வாங்க..."

அதுவரை மேசையைத் தட்டிக்கொண்டிருந்த கோவிந்தராஜுலு பாதி எழுந்தேவிட்டார். "வந்தனுங்க அம்மணி. ஊட்டுல அல்லாரும் சௌக்கியமுங்களா?"

"சௌக்கியமுங்க. எங்க காலனிக்கு..."

"நேரம் முடிந்துவிட்டது. ஒரு சின்ன இடைவேளை" என்றான் அந்தத் தம்பி. மைக்கை யாரோ பக்குவமாக வாங்கிக்கொண்டார்கள். இடைவேளைக்குப் பிறகு பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

எல்லாம் முடிந்து விளக்கை அணைத்ததும் பந்திக் கூடத்தில் காபி கொடுத்தார்கள். மேடையில் அடித்துக்கொண்ட நாலு பேரும் ஒரே தட்டிலிருந்து போண்டா எடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கிருபா ஓரமாக நின்றாள். காலனிக்கு எந்த முகத்தோடு போவது?

கோவிந்தராஜுலு அவளைப் பார்த்துவிட்டார். "காபி குடிங்க அம்மணி. என்ன கேக்க வந்தீங்க?"

கேட்டாள். வெங்கடலட்சுமி டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல், "கண்டிப்பா விட்டர்லாம்மா" என்றார். கோவிந்தராஜுலு சற்று யோசித்தார்.

"அந்தப் பாலத்துல எம்பட லாரியே திரும்பாதுங்க. பாலத்தை அகலப்படுத்தாம பஸ் வராது. அதுக்குப் பக்கத்துத் தோட்டத்துல நெலம் எடுக்கோணும், கேஸு கீஸுன்னு இழுக்கும். நாஞ் செயிச்சாலும் இந்தத் தடவைக்குள்ள வந்துருமுன்னு சொல்ல மாட்டனுங்க."

"இதையே மேடையில கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

அவர் சிரித்தார். "மேடையில கேட்டிருந்தா அடுத்த மாசமுன்னு சொல்லியிருப்பனுங்க. பக்கத்துல இருந்தவரு அடுத்த வாரமுன்னு சொல்லியிருப்பாரு."

ஞாயிறு மத்தியானம் விவாதம் ஒளிபரப்பானபோது ராசாத்தாள் வீட்டு டிவி முன்னால் காலனிப் பெண்கள் கூடினார்கள். கிருபா திரையில் வந்தாள், நாலு பக்கமும் வாங்க சொன்னாள், விளம்பரம் வந்துவிட்டது. ஒரே சிரிப்பு.

"ஏம்புள்ள, கேள்வி கேக்கச் சொல்லி அனுப்புனா, சம்பந்தி ஊட்டுக்காரங்களையாட்ட வரவேத்துப்போட்டு வந்திருக்கற!" என்றாள் ராசாத்தாள்.

கிருபா பந்திக் கூடத்தில் கேட்டதைச் சொன்னாள். சிரிப்பு நின்றது.

"அதைச் செல்லுல புடிச்சியா?"

"இல்லீங்க்கா."

"அப்பறம் எப்படி நம்பறது? டிவி முன்னால பொய் சொல்றவன் காபி குடிக்கறப்ப மட்டும் நெசம் பேசுவானா?"

கிருபாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. இரண்டும் அதே வாய்தான்.

மறுநாள் காலையில் சோற்றுத் தூக்குப்போசியோடு கம்பெனிக்கு நடந்தபோது எல்லாருடைய கண்ணும் பாலத்தின் மேலேயே போயிற்று. எத்தனையோ வருசமாகத் தாண்டிய பாலம். அப்போதுதான் பால் வேன் எதிரே வந்தது. எல்லாரும் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். வேனின் கண்ணாடி ராசாத்தாளின் தூக்குப்போசியில் இடித்துக்கொண்டு போயிற்று. பாலம் முடிந்ததும் வேன் முன்னும் பின்னுமாக இரண்டு தடவை ஒடித்துத்தான் திரும்பியது.

"இதுல எங்கடி பஸ் வரும்?" என்றாள் ராசாத்தாள்.

அந்த வாரமே ஜீப் வந்தது. யார் ஜீப் என்பது இருக்கட்டும். எல்லா ஜீப்பும் ஒரே மாதிரிதான் பேசும். உங்கள் காலனிக்குப் பஸ் விடுவோம் என்று ஒலிபெருக்கி அலறியது. கிருபா கிட்டே போனாள். பழக்கத்தை எங்கே விடுவது?

"வாங்கண்ணா, நல்லாருக்கீங்களா?" என்றாள் முதலில். "பஸ் இருக்கட்டுங்க. பாலம் எப்பங்க?"

ஜீப்பில் மைக் பிடித்திருந்த ஆள் அவளைப் பார்த்தார். பின்னால் நிற்கிற பெண்களைப் பார்த்தார். மைக்கை அணைத்தார். அதற்குப் பிறகுதான் பதில் சொல்ல ஆரம்பித்தார்.