என்ன பட்டது?

அந்தத் துண்டு நீலமா, கரும்பச்சையா என்பது இப்போது எனக்கு நிச்சயமில்லை. அவளைக் கேட்டால் நீலம் என்பாள். அவனைக் கேட்டால் பச்சை என்று அடித்துச் சொல்வான். நடந்த வரிசையும் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம். ஆனால் துண்டில் வெளுத்துப்போன இடங்கள் ஏழு. அதில் மட்டும் இருவருக்கும் தகராறு இல்லை.

அவள் ஒரு சலவைக் கடையில் கறை மேசைக்காரி. பதினெட்டு வருஷமாக ஊரார் துணியை விளக்கடியில் விரித்து, எது மை, எது எண்ணெய், எது ரத்தம் என்று பிரித்துச் சொல்வதுதான் வேலை. அவளுக்கே பிடிபடாத கறைக்கு ஒரு மஞ்சள் சீட்டு உண்டு. ‘என்ன பட்டது?’ என்று அச்சடித்து, கீழே ஒரு வெறும் கோடு. சீட்டை ஊக்கால் துணியில் குத்தி, வாடிக்கையாளருக்கே திருப்பிவிடுவார்கள். கோடு நிரம்பி வந்தால்தான் துணி மறுபடி மேசை ஏறும். அந்த மேசையில் அவள் இன்னொன்றும் கண்டிருந்தாள். கறையை அப்படியே கொண்டுவருகிறவர்களிடம் பெரிய விஷயம் எதுவும் இருக்காது. வீட்டிலேயே வெளுக்கப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்கள்.

அதனால் கணவனுடைய துண்டைக் குளியலறைக் கதவில் பார்த்ததும் அவள் அதை உருவி விளக்கடியில் விரித்தாள். ஏழு இடத்தில் நிறம் போயிருந்தது. அவள் வீட்டில் வெளுப்பான் வாங்கியதே இல்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தாறு வயது. இரண்டு வருஷமாக, வேலை விட்டு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சரிந்துவிடுவான். எது கேட்டாலும் பதில் ஒரு பெருமூச்சு. அப்படிப்பட்டவன் மூன்று மாதமாகச் சீட்டியடித்துக்கொண்டு படியேறி வந்தான். வந்ததும் குளியல், கதவுக்குத் தாழ்ப்பாள். விட்டுப்போயிருந்த பழைய வழக்கமும் திரும்பியிருந்தது: கையில்லாத பனியனோடு வந்து படுத்து, அவள் தலையை இழுத்துத் தன் வலது தோளில் வைத்துக்கொள்வான். முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு, இந்தக் கொஞ்சல் எதை ஈடுகட்ட என்று தோன்ற ஆரம்பித்தது. போதாததற்கு அவன் தாடையில் நாலைந்து பரு. சட்டையின் முதுகுப்பக்கம் ஊசிமுனை அளவில் ரத்தப் புள்ளிகள்.

கடையில் இஸ்திரி போடுகிறவளிடம் சொன்னாள். எதற்கெடுத்தாலும் புஸ்ஸென்று கிளம்புவதால் அவளுக்கு நீராவி என்று பெயர்.

“மாமாவுக்குப் பருவா? அக்கா, மாமா இப்பத்தான் வயசுக்கு வர்றாரு போல!”

“வாயை மூடுடி.”

“சீட்டி, பரு, பூட்டின கதவு. எல்லாம் பத்தாங்கிளாஸ் பையன் லட்சணம். எவளைப் பாத்து ஜொள்ளு விடுறாரோ!”

நீராவி சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் துண்டை அவன் முன்னால் விரித்தாள். “இதுல என்ன?”

“என்ன? சோப்பா இருக்கும்.”

“சோப்பு எதுன்னு எனக்கே சொல்றீங்களா?”

அவன் காது மடல் சிவந்தது. துண்டைச் சுருட்டிக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டான். அவளும் கேட்கவில்லை. பேசாமலிருப்பதில் அந்த வீட்டில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. மறுநாள் கடையிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டு கொண்டுவந்து துண்டில் குத்திவைத்தாள். காலையில் துண்டு இருந்தது, சீட்டைக் காணோம்.

அதற்கடுத்த நாள் குளியலறை வாளிக்குப் பின்னால் நீளக் காம்பு வைத்த பிரஷ் ஒன்று கிடைத்தது. முனையில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள், சுரண்டிப் பார்த்தாள், பிடிபடவில்லை. தங்கைக்குப் போன் போட்டாள்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். வாயைத் திறக்கலைன்னா பெட்டியோட உன் வீட்டுக்கு வந்துடுறேன்.”

“வாக்கா. ஆனா அந்தாளுக்கு அவ்ளோ சாமர்த்தியம் இருக்கா?”

பெட்டி பாதி நிரம்பியபோதுதான் கண்ணாடியில் தன் முகத்தைக் கவனித்தாள். இடது கன்னத்தில் ஆறு பரு. வலது கன்னம் துடைத்துவிட்டது மாதிரி சுத்தம். தாடையோரம் கறுப்பாக இரண்டு முடி.

தோல் டாக்டரம்மா கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு பக்கம் மட்டும்தானா? படுக்கும்போது இந்தக் கன்னம் எங்க படும்?”

அவளுக்குக் கூச்சமாக இருந்தது. “வீட்டுக்காரர் தோள்ல.”

“அவர் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் ஏதாவது பூசிக்கிறாரா? ஆண் ஹார்மோன். தோள்ல தடவுறது.”

“அவரா? அவரு தலைக்கு எண்ணெயே வைக்க மாட்டாரு.”

“கேட்டுப் பாருங்க. அதைப் பூசுறவங்களுக்கும் பரு வரலாம். தோல் வழியா பக்கத்துல படுக்கிறவங்களுக்கும் ஒட்டும். உங்களுக்கும் ரத்தம் பார்த்துடுவோம்.”

வெள்ளிக்கிழமை. பெட்டி கதவோரம். இன்னொரு மஞ்சள் சீட்டை எடுத்துத் தன் தோளிலேயே குத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சீட்டியோடு வந்தவன், பெட்டியைப் பார்த்து நிறுத்தினான்.

“இது என்ன கூத்து?”

“படிங்க.”

“என்ன பட்டது...”

“என் கன்னத்துல. இடது பக்கம் மட்டும். டாக்டர் கேட்டாங்க, எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க.”

அவன் தன் கருவிப் பையைத் திறந்து, ஸ்பேனர்களுக்கு அடியிலிருந்து எண்ணெய்த்துணியில் சுற்றிய இரண்டு டியூபை எடுத்துவந்தான்.

“இது தோளுக்கு. ரத்தத்துல ஆண் ஹார்மோன் ரொம்பக் கம்மியாம். அதான் சோபாவே கதின்னு கிடந்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்தது. இன்னொண்ணு, அதால வந்த பருவுக்கு. நானே மருந்துக்கடையில கேட்டு வாங்கினேன்.”

“எங்கிட்ட சொன்னா என்ன?”

“ஆம்பளைத்தனத்தை டியூப்ல வாங்கிப் பூசிக்கிறேன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்ல?”

“பரு வந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான்.”

அவள் இரண்டாவது டியூபைக் கண்ணருகே கொண்டுபோனாள். பொடி எழுத்தில் இருந்தது: துணியில் பட்டால் நிறம் வெளுக்கும். பதினெட்டு வருஷம் மேசையில் உட்கார்ந்தவள். எதையோ அழிக்கத்தான் வெளுப்பு என்று நினைத்தாளே தவிர, பட்ட பொருளே நிறத்தை வெளுத்திருக்கும் என்று நினைக்கவில்லை.

இருந்தாலும் விடவில்லை. “சட்டையைக் கழட்டுங்க. விளக்குக்குக் கீழ வாங்க.”

முதுகு முழுக்கச் சிவப்பாகப் புடைத்திருந்தது. சிலதைக் கிள்ளிப் புண்ணாக்கியிருந்தான். அவள் துண்டைப் பிரித்து முதுகில் வைத்துப் பார்த்தாள். ஏழும் பொருந்தவில்லைதான், துண்டு ஒரே இடத்திலா கிடக்கும்?

“அந்த பிரஷ்?”

“முதுகுக்குக் கை எட்டலை. கிரீஸ் தடவுற பிரஷ்தான். புதுசு.”

தோளிலிருந்த சீட்டைக் கழற்றி, பேனாவோடு நீட்டினாள். அவன் கோட்டின்மேல் ‘தோள் மருந்து’ என்றும், கீழே ‘துண்டில்: பரு மருந்து’ என்றும் எழுதினான். கையெழுத்தும் போடச் சொன்னாள்.

டாக்டர் அவனுக்கு ரத்தம் பார்த்து ஜெல்லின் அளவைக் குறைத்தார். பூசியதும் கை கழுவி, காய்ந்தபின் கைவைத்த பனியன் போட்டுக்கொள்கிறான், கிள்ளுவதை விட்டுவிட்டான். அவள் கன்னம் இரண்டு மாதத்தில் தெளிந்தது. அவன் முதுகு தெளிய ஆறு மாதம் ஆயிற்று, நாலைந்து தழும்பு நின்றுவிட்டது. எட்டாத இடத்துக்கு அவள்தான் கையுறை மாட்டி மருந்து தடவுகிறாள். நீராவி இப்போது கறை மேசைக்கு மாறிவிட்டாள். தங்கை, அக்காவுக்காக ஒழித்துவைத்த அறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டாள். அந்தத் துண்டு கிழிந்து தரை துடைக்கப் போனது. அந்த வீட்டில் இப்போது எல்லாத் துண்டும் வெள்ளை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அவள் கழற்றிவிட்டாள்.