ராஜாமணியின் கதவு

கிளாரா இனி எழுதப்போவதில்லை என்று சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும். வீட்டில் கேட்டால் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள்.

தொண்ணூற்றேழாம் வருஷம். தினமும் காலையில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பாசஞ்சரில் போவோம். நான் அங்கே ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தேன். கிளாரா நர்சரி பள்ளியில் டீச்சர், இருபத்திரண்டு வயது. பெண்கள் பெட்டியில் மயிலம் வருவதற்குள் தலைவாரி, டிபனையும் முடித்துவிடுவோம். அப்புறம் கிளாரா தான் எழுதிக்கொண்டிருந்த பெரிய கதையை வாசிப்பாள். அரிசி ஆலையில் நெல் காயவைக்கிற ராஜாமணியின் கதை. புருஷன் சவூதிக்குப் போய் எட்டு வருஷம் ஒரு கடுதாசி கூடப் போடவில்லை. ஒருநாள் பெட்டியும் கையுமாக வந்து கதவைத் தட்டுகிறான். அதோடு கிளாரா நிறுத்திவிட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு வாரம் ஓட்டினாள்.

காரணம் எனக்குத் தெரியும். அவளுடைய முதல் கதைக்கு ஒரு வாரப் பத்திரிகை பரிசு கொடுத்திருந்தது. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் சாமியார் அதை அறிவித்தார். அவள் அப்பா இன்னாசிராஜ் அந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு கடைத்தெரு முழுக்கச் சுற்றினார். அதன்பின் அனுப்பிய மூன்று கதைகளும் திரும்பி வந்தன. தபால்காரர் கையில் தடிமனான கவரைப் பார்த்ததுமே தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும். அப்பா திட்டவில்லை. “அடுத்த கதை எப்பம்மா வரும்?” என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்வி அவளைப் போட்டு அரித்தது.

ராஜாமணி கதையை ஒரு போட்டிக்கு அனுப்புவதாக இருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். புதன்கிழமை சொல்கிறாள், “மொதக் கதை ஏதோ குருட்டாம்போக்குல அமைஞ்சிடுச்சிக்கா. எனக்கு எழுத வராது. உட்டுடு.”

“நல்லாத்தானே எழுதுற” என்றேன். ரிப்போர்ட்டைப் பார்க்காமலே நார்மல் என்று சொல்வது போல எனக்கே கேட்டது.

வியாழக்கிழமை எதிர் சீட்டில் ஆசியா பீவி. விழுப்புரத்தில் தையல் கடை வைத்திருப்பவள். அவள் வீட்டுக்காரர் துபாய் போய் ஆறு வருஷம். கிளாரா வாசிக்கும்போது ஒரு வார்த்தை விடாமல் கேட்பவள் அவள்தான்.

“இன்னாதான் ஆச்சு கிளாரா? ரெண்டு வாரமா அந்த மனுசன் வாசல்லயே நின்னுக்கினு இருக்கான்” என்றாள்.

கிளாரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

“மீதிய நான் சொல்றேன்” என்று ஆரம்பித்தேன். “ராஜாமணி கதவத் தொறந்துட்டா. அவன் கால்ல உழுந்து அழுதா. அவன் பொட்டியத் தொறந்து ரெட்டவட சங்கிலி எடுத்துப் போட்டான். ரெண்டு பேரும் ஜோடியா மயிலம் கோயிலுக்குப் போயி மொட்ட போட்டுக்கினு வந்தாங்க. சுபம்.”

பெட்டியில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்தாள். நான் இவ்வளவு நன்றாகக் கதை சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

“நிறுத்துக்கா!” கிளாரா கத்தினாள். முகம் சிவந்திருந்தது. “ராஜாமணிய இன்னான்னு நெனச்ச? எட்டு வருசம் தனியா நெல்லு காயவச்சி அந்தக் கதவையே அவதான் வாங்கிப் போட்டா. அவ தொறக்கமாட்டா. ஜன்னல் வழியா ஒரு சொம்பு தண்ணி குடுப்பா. குடிச்சிட்டுப் போன்னு சொல்லுவா. அவ்ளோதான்!”

சொல்லி முடித்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். இந்த முடிவு அதுவரை அவளுக்கே தெரியாது என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! அதைக் கெடுத்தவள் ஆசியா பீவி.

“ஆறு வருசமா ஒரு ஆளுக்காக காத்துக்கினு இருக்கேன்” என்றாள். “வந்தவன வெளிய நிக்கவைக்கிற பொம்பளைய இன்னாத்துக்கு எழுதுற?”

போச்சு, இனி இவள் பேனாவைத் தொடமாட்டாள் என்று நினைத்தேன். பேரணி போனது, விக்கிரவாண்டி போனது. கிளாரா கையைப் பிசைந்துகொண்டே இருந்தாள். முண்டியம்பாக்கத்தில் நிமிர்ந்தாள்.

“மன்னிச்சிக்கங்கக்கா. ஆனா அவ தொறக்கமாட்டா.”

என்னிடம் பேப்பர் கேட்டாள். என் பையில் லேப் ரசீது புத்தகம்தான் இருந்தது. அதன் பின்பக்கத்தில் முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தாள். விழுப்புரம் வந்தும் எழுந்திருக்கவில்லை. பிளாட்பார பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, பள்ளிக்கு டீச்சருக்கு வயிற்றுப்போக்கு என்று நானே போன் செய்தேன். கதை எழுதுகிறாள் என்றா சொல்ல முடியும்!

மறுநாள் மயிலம் தாண்டியதும் வாசித்தாள். குரல் முதலில் தடுமாறியது, பிறகு சீரானது. தண்ணீரை வாங்கிய அவன் கை ஜன்னல் கம்பியில் இடித்துச் சொம்பு தளும்புகிற இடத்தில் ஆசியா பீவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கிளாரா அதைப் பார்த்தாள். பார்த்தும் நிறுத்தவில்லை, கடைசி வரி வரைக்கும் வாசித்தாள்.

விழுப்புரத்தில் எல்லோரும் இறங்கினோம். கிளாரா கவரைக் கையில் வைத்துக்கொண்டு ஆசியா பீவியின் எதிரில் போய் நின்றாள். அடி வாங்கக் காத்திருக்கிற பிள்ளையின் முகம்.

ஆசியா பீவி மூக்கை உறிஞ்சினாள். “எனக்குப் புடிக்கல. ராத்திரி பூரா உம்மேல கோவம். எங்க ஊட்டுக்காரர் வந்தா நான் தொறப்பேன், ஓடிப்போயி தொறப்பேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “ஆனா நான் வேற, ராஜாமணி வேற. ஒரு எழுத்து மாத்தாத. ஜல்தி போயி தபால்ல போடு.”