நின்றுபோன வலி

திங்கட்கிழமை காலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்துல் ரவூப்பின் மருந்துக்கடையில் நல்ல கூட்டம். டாக்டர் சீட்டு இல்லாமல் வருகிறவர்களுக்கும் நோவைக் கேட்டு நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பது இருபத்திரண்டு வருடப் பழக்கம். ராஜபாளையத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டு, வலது அடிவயிற்றைப் பிடித்தபடி அவர் மனைவி நசீமா வந்து நின்றாள்.

“குடல்வால் வீங்கியிருக்காம். இன்னைக்கே பெட்ல சேரச் சொல்லுதாக. மூணு சின்னத் துளை போட்டு, கேமராவ விட்டு எடுத்துருவாகளாம். ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துரலாமாம்.”

“எம்புட்டுப் பேரு வயித்துவலிய நிப்பாட்டியிருக்கேன், உனக்கு நிப்பாட்ட மாட்டேனா?” என்று சிரித்தார் ரவூப். மாத்திரைகளை அவள் கையில் திணித்தார்.

புதன் மதியம் வலி சட்டென்று நின்றது. ரவூப் பெருமையோடு கடைக்குப் போனார். பொழுது சாய்வதற்குள் நசீமாவுக்குக் குளிர் நடுக்கம். வயிறு பலகைபோல் இறுகிக் கிடந்தது. தொடவிடாமல் அலறினாள்.

ராஜபாளையம் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டருக்குள் போன டாக்டர் பிரிஸ்கில்லா சிறிது நேரத்தில் வெளியே வந்தார்.

“துளை வழியாத்தான் ஆரம்பிச்சோம். உள்ள முழுக்கச் சீழ். வயித்தத் திறந்துதான் கழுவணும். கையெழுத்துப் போடுங்க.”

“மத்தியானமே வலி நின்னுருச்சே, டாக்டர்?”

“குடல்வால் வெடிச்சதால நின்னிருக்கு.”

ரவூப்புக்குச் சட்டென்று நினைவு வந்தது. நேற்று கோர்ட் வேலையாக வந்த தேவதானம் ஊர்ப் பால்சாமியும் இதே இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் கடையில் நின்றார். அவருக்கும் இதே மாத்திரை. ரவூப் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பால்சாமி வீட்டுக்குப் போன் அடித்தார். பால்சாமியின் மனைவி இசக்கியம்மாள் எடுத்தாள்.

“உங்க கைராசி, பாய்! மத்தியானமே வலி நின்னுருச்சு. அவிய அசந்து தூங்குதாக.”

“எழுப்பும்மா! தொட்டுப் பாரு!”

அவள் கட்டிலுக்கு ஓடுவது போனில் கேட்டது.

“பாய்... உடம்பு நெருப்பாக் கொதிக்கே...”

“உடனே ராஜபாளையத்துக்குக் கொண்டா. வாசல்ல நிக்கேன்.”

கார் வந்தபோது பால்சாமிக்குப் பேச்சு குழறியது. ஸ்ட்ரெச்சர் உள்ளே ஓடியது. நசீமா பிழைத்துவிட்டாள், ஐ.சி.யூ.வில் பல நாள் இருக்க வேண்டும் என்று அப்போதுதான் நர்ஸ் சொல்லியிருந்தார். பால்சாமியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

இசக்கியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். “நீங்க போன் பண்ணலன்னா என்னாயிருக்கும், பாய்!”

“கும்பிடாதம்மா,” என்றார் ரவூப். “இந்தக் கதிக்குக் கொண்டாந்ததே நான்தான். என்ன நோவுன்னு தெரியாம வலிய மட்டும் அமுக்குறது வைத்தியமே இல்ல. டாக்டர் எழுதாத மாத்திரைய இனி நானும் குடுக்க மாட்டேன், நீங்களும் யார்ட்டயும் வாங்காதீக.”