சாட்சியில் இல்லாத ஆள்

நாளைக் காலை ஏழு மணிக்குக் கயிறு இல்லாமல் பெரிய பாறையில் ஏறப்போவதாகப் பாஸ்டர் அறிவித்துவிட்டார். வாயால் சொன்னதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, அட்டையில் எழுதி வேனின் பக்கவாட்டில் ஒட்டியும் வைத்துவிட்டார். ‘என்னைத் தாங்கிய கரம் இன்னும் இருக்கிறது’ என்று சிவப்பு மையில் தலைப்பு, கீழே நேரம், அதற்கும் கீழே ‘அனைவரும் வருக’. கல்யாணப் பத்திரிகை தோற்றது போங்கள். பாறை பதினைந்து ஆள் உயரம். கை வழுக்கினால் கீழே கல்தான்.

அவர் மனைவிக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

“கயிறு கட்டிக்கிட்டு ஏறினா கர்த்தர் என்ன கோவிச்சுக்கவா போறாரு?” என்று அன்று காலையிலும் கேட்டுப் பார்த்தாள்.

“நீயே இப்படிப் பேசலாமா?” என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “உலகத்துல யாரு வேணாலும் சந்தேகப்படட்டும். நீ படலாமா? பக்கத்துல நின்னு பார்த்தவளே நீதானே?”

இதற்கு அவளிடம் பதில் இருந்தது. மூன்று வருடமாகத் தொண்டையில் முள்ளாக நிற்கும் பதில்.

இது அவர்களுக்கு நான்காவது கோடை. விடுமுறை வந்தால் மற்ற பாஸ்டர்கள் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள். இவர் வேனை எடுத்துக்கொண்டு பாறை பாறையாகப் போவார். “சபைக்கு வராத இளவட்டமெல்லாம் ஞாயித்துக்கிழமை எங்க இருக்கு? பாறையில தொங்கிக்கிட்டு இருக்கு. அப்ப நாமளும் அங்கதானே போகணும்?” என்பது அவர் கட்சி. “தொங்குற பாஸ்டரை எந்த ஊர்லடா பார்த்தே?” என்று அவர் அம்மா தலையில் அடித்துக்கொண்டதோடு சரி. பகலெல்லாம் ஏறுகிறவர்களோடு சேர்ந்து ஏறுவார். மாலையில் வேனின் பின்கதவைத் திறந்து, மடக்கு நாற்காலிகளைப் போட்டு, எல்லாருக்கும் டீயும் ரொட்டியும் கொடுத்து, இரண்டு பாட்டுப் பாடி, கர்த்தர் தனக்குச் செய்த அற்புதத்தைச் சாட்சியாகச் சொல்லுவார். அந்தச் சாட்சிக்குத்தான் கூட்டம்.

நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் அவளுக்கு நியாயம் செய்ததாகாது.

முதல் கோடையில், ஒரு மத்தியானம், இருவர் மட்டும் ஒரு பாறைக்குப் போனார்கள். அவர் ஏறினார், அவள் கீழே நின்று கயிற்றைப் பிடித்தாள். கீழே நிற்பவரின் இடுப்புப் பட்டையில் ஓர் உலோகப் பூட்டு இருக்கும். கயிறு அதற்குள் புகுந்துதான் மேலே போகும். கயிற்றின் வால்பக்கத்தைக் கையில் பிடித்திருக்கும்வரை பூட்டு இறுகும். கையை எடுத்தால் கயிறு ஓடிவிடும். மேலே இருப்பவரின் உயிர் அந்த ஒரு கையில்தான் என்று முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே அவர் மாட்டிக்கொண்டார். மேலே பிடி கிடைக்கவில்லை, கீழே இறங்கவும் வழியில்லை. கால் உதறத் தொடங்கியது. “ஜெபம் பண்ணு! ஜெபம் பண்ணு!” என்று கத்தினார். அந்தச் சொல்லைக் கேட்டால் குழந்தையிலிருந்து என்ன செய்து பழகியிருந்தாளோ, அதையே செய்தாள். கண்ணை மூடினாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

அவர் வழுக்கினார். கயிறு சரசரவென்று ஓடியது. பக்கத்துப் பாறையில் மகளோடு ஏற வந்திருந்த ஒரு மனிதர் பாய்ந்து வந்து, தரையிலிருந்து பறந்துகொண்டிருந்த கயிற்றை வெறுங்கையால் பிடித்தார். பிடித்ததை விடவில்லை. தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது பாஸ்டர் அந்தரத்தில் நின்றார். தலை பாறையில் இடித்து நினைவு தப்பியிருந்தது. அந்த மகள்தான் அவரை மெல்ல இறக்கிப் படுக்கவைத்து, மூச்சைப் பார்த்து, ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். பிறகுதான் அப்பாவின் உள்ளங்கையைப் பார்த்தாள். தோல் இல்லை. துண்டைச் சுற்றிக் காரில் ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டாள்.

பாஸ்டர் கண் திறந்தபோது அங்கே மனைவி மட்டும்தான் இருந்தாள்.

“யாரு என்னைப் பிடிச்சது?” என்று கேட்டார்.

நான் கையை விட்டுட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். “கர்த்தர்” என்று வந்துவிட்டது.

அவர் தேம்பித் தேம்பி அழுதார். அழுகிற மனிதரிடம் திருத்தம் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு வராத தைரியம் மறுநாள் எப்படி வரும்? கயிற்றில் இருந்த ரத்தத்தை வாளித் தண்ணீரில் அவளே கழுவினாள். அவர் பார்த்துவிட்டுக் கேட்டதற்கு, “உங்க மூக்குல வந்ததுங்க” என்றாள். முதல் சொல்லையாவது பதற்றம் என்று தள்ளிவிடலாம். இது யோசித்துச் சொன்ன பொய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் அவர் சாட்சி சொல்லும்போது, கடைசியில் அவளை எழுப்பி நிறுத்துவார். அவள் சொல்லவேண்டியது ஒரே வரி. “நான் கண்ணைத் தொறந்து பார்த்தேன். அவர் அந்தரத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு.” அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதைக் கேட்டு எத்தனையோ பேர் கண்கலங்கியிருக்கிறார்கள். ஒரு குடிகாரப் பையன் குடியை விட்டான். பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இருவர் பேசிக்கொண்டார்கள். இவ்வளவு நல்லது நடக்கிற இடத்தில் போய் உண்மையைச் சொல்லி எதைக் கெடுப்பது என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் அவர் வரவர அசட்டையாக ஏறினார். தலைக்கவசத்தை மறந்தார். முடிச்சை இரண்டாம் முறை பார்ப்பதை விட்டார். இப்போது கயிறே வேண்டாமாம்.

அன்று மாலை டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது வரிசையில் ஒருவர் நின்றார். ஐம்பது வயதிருக்கும். குவளையை விரலால் பிடிக்காமல், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்து வாங்கினார். விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றன. அவர் முகத்தை அவள் பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. கெட்டில் கையிலிருந்து நழுவி, டீ அவள் செருப்பின் மேல் கொட்டியது.

“பார்த்தும்மா, சுடும்,” என்றார் அவர். “இந்த விஷயத்துல எனக்கு அனுபவம் ஜாஸ்தி.”

அவருக்குப் பின்னால் நின்ற பெண் சிரிக்கவில்லை. அவர் மகள்தான்.

வேனுக்குப் பின்புறம், கயிறுகள் காய்ந்துகொண்டிருந்த இடத்துக்கு அவர்கள் இருவரையும் அழைத்துப் போனாள். அங்கே வந்ததும் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

“என்ன வேலை பார்க்கறீங்க?” என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான கேள்வி என்று உறைத்தது.

“லிஃப்ட் மெக்கானிக். இருந்தேன். ஸ்பானர் பிடிக்க வரலை. இப்ப ஆபீஸ்ல போன் எடுக்கறேன். எந்தக் கட்டடத்துல, எந்த மாடியில லிஃப்ட் நின்னு போச்சு, உள்ள எத்தனை பேரு கத்தறாங்கன்னு எழுதி வைக்கற வேலை.” டீயை ஒரு வாய் குடித்தார். “பாஸ்டர் போட்டோ போட்டு ஒரு நோட்டீஸ் பார்த்தேன். கயித்துல தொங்கற மாதிரி. ஆளு பொழைச்சிட்டாருன்னு அப்பத்தான் எனக்குத் தெரியும். நிஜமாவே சந்தோஷமா இருந்துச்சும்மா. நேத்தே வந்துட்டோம். பின்னால உட்கார்ந்து சாட்சியும் கேட்டேன்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“மனுசக் கை எதுவும் படலைன்னு சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. என் மக இவ, கையைப் புடிச்சு கூட்டத்தை விட்டு இழுத்துட்டுப் போயிட்டா.”

“என்னை மன்னிச்சிருங்க.”

“மன்னிக்கறதெல்லாம் அப்பவே ஆச்சு. ஒரே ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாம். அதுதான் கொஞ்ச நாள் மனசுல இருந்துச்சு.” “நான் அதுக்காக வரலை. போகலாம்னுதான் இருந்தேன். நாளைக்குக் கயிறு இல்லாம ஏறப்போறாருன்னு ஒட்டியிருக்கே, அதைப் படிச்சிட்டு எப்படிம்மா நான் வீட்டுக்குப் போய் படுக்கறது? மறுபடியும் பாய்ஞ்சு பிடிக்கலாம்னா, கை இல்லை.”

“நீங்க அவர்கிட்டச் சொல்லிடுங்களேன்,” என்றாள் அவள், சின்னக் குழந்தைபோல.

“நான் சொன்னா யாரோ பைத்தியம்னு ஜெபம் பண்ணி அனுப்பிடுவாரு. நீ சொல்லும்மா.”

கூட்டம் தொடங்கும்போது வெயில் இன்னும் பாறையின் மேல்பாதியில் இருந்தது. நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். நாளைய அறிவிப்பின் மகிமை. நாற்காலி போதாமல் கயிற்றுச் சுருள்களின் மேலும் உட்கார்ந்திருந்தார்கள். மெக்கானிக்கும் மகளும் இரண்டாவது வரிசையில். பாஸ்டர் அன்று நன்றாகப் பேசினார் என்றுதான் சொல்லவேண்டும். கால் உதறியதை உதறிக் காட்டினார், வழுக்கியதைச் சொல்லும்போது முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். “மனுசக் கை ஒண்ணும் என்னைத் தொடலை” என்று முடித்துவிட்டு, வழக்கம்போல அவள் பக்கம் கையை நீட்டினார்.

அவள் எழுந்தாள்.

“நான் கண்ணைத் தொறந்து பார்த்தேன். அவர் அந்தரத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு,” என்றாள். அங்கே உட்கார்ந்துவிட வேண்டும். அவள் உட்காரவில்லை. “ஏன்னா, அதோ உட்கார்ந்திருக்காரே, அவர் கயித்தப் பிடிச்சிருந்தாரு. நான் பிடிக்கலை. நான் கையை விட்டுட்டேன்.”

பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் “ஆமென்” என்றார்கள்.

பாஸ்டர் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவதென்று தெரியாமல் அது அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. அவள் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். கயிற்றைக் கழுவியதைச் சொன்னாள், மூக்கு ரத்தம் என்று ஏமாற்றியதைச் சொன்னாள், அந்த மனிதர் வேலை போய் ஆபீஸில் போன் எடுப்பதைச் சொன்னாள். ஏன் கையை விட்டாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த ஒன்றையாவது தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

“நாளைக்கு ஏறாதீங்க. அவ்வளவுதான்,” என்று நிறுத்தினாள்.

பாஸ்டர் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் இரண்டு உள்ளங்கையையும் திருப்பிக் காட்டினார். பாஸ்டர் அவற்றைத் தன் கையில் வாங்கிப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு அப்படியே கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“இவ ஒண்ணை விட்டுட்டா,” என்றார். “ஜெபம் பண்ணுன்னு மேல இருந்து கத்தினது நான். கையில கயித்த வெச்சிருந்தவளை நான்தான் கை கூப்பச் சொன்னேன். இத்தனை நாளும் அது எனக்கு ஞாபகம் வரவே இல்லை. இப்ப வந்துருச்சு. நாளைக்கு ஏறலை. எல்லாரும் போயிட்டு வாங்க.”

கூட்டம் கலைய நேரமாயிற்று. சிலர் திட்டிக்கொண்டே போனார்கள். குடியை விட்ட பையனுக்குப் போன் போட்டுச் சொல்லப்போவதாக ஒருவன் சொன்னது அவள் காதில் விழுந்தது. அட்டையை யாரோ கிழித்துவிட்டிருந்தார்கள். மெக்கானிக் விலாசம் எழுதிக் கொடுக்க முயன்று, முடியாமல், மகளிடம் பேனாவைக் கொடுத்தார். கார் புழுதி கிளப்பிக்கொண்டு போன பிறகு, காலி நாற்காலிகளும் அவர்கள் இருவரும்தான் மிச்சம்.

அவள் நாற்காலிகளை மடக்கத் தொடங்கினாள். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள்.

“அதுக்கப்புறம் மூணு வருஷம் உன் கையில கயித்தக் குடுத்துட்டுத்தானே ஏறினேன்,” என்றார் அவர். “ஒவ்வொரு தடவையும் உனக்கு எப்படி இருந்துச்சு?”

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவே இல்லை. மடக்கிய நாற்காலியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அதுவரை வராத அழுகை இப்போது வந்தது.

“நான் ஜெபம் பண்றதே இல்லைங்க,” என்றாள். “நீங்க ஏறும்போது மட்டும் இல்லை. வீட்டுல, சபையில, எங்கயும் இல்லை. எல்லாரும் கண்ணை மூடுவாங்க, நான் தொறந்தே வெச்சிருப்பேன். மூடினா கயிறு ஓடற சத்தம் கேக்குது.”

யார் இப்படி வந்து நின்றாலும், “வாங்க, இப்பவே ஜெபிச்சிடலாம்” என்று தலையில் கை வைக்கிற மனிதர் அவர். நான்கு கோடையில் ஒரு நூறு பேருக்காவது அப்படிச் செய்திருப்பார். அன்று அவர் அதைச் சொல்லவில்லை. அவள் கையிலிருந்த நாற்காலியை வாங்கி விரித்து, அவளை அதில் உட்காரவைத்தார். மீதி நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கி வேனில் ஏற்றினார்.