குடைக்குள் இரண்டு பாஸ்போர்ட்

கப்பல் மறுநாள் காலையில்தான் புறப்படும் என்பதால், ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகருக்கும் அவர் மனைவிக்கும் அந்தப் பழைய துறைமுக நகரத்தில் ஒரு முழுப் பகல் சும்மா கிடைத்தது. கடல் தாண்டிய ஊரில் மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கியிருந்தது. விடுதி அலமாரியின் பூட்டு சரியில்லை. ஆகவே இருவர் பாஸ்போர்ட்டும் மனைவியின் கைப்பையிலேயே வந்தன.

விடுதியில் கொடுத்த வரைபடத்தில், பார்க்க வேண்டிய இடங்களுக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் இட்டிருந்தார்கள். முதலாவது, ஆளுநர் மாளிகை. மஞ்சள் பூசிய சுவர், ஆள் உயரப் பச்சைச் சன்னல்கள், வாசலில் ஒரு கல்வெட்டு. முப்பது ஆண்டுகள் ஓடும் ரயிலில் பயணச்சீட்டுகளை உரக்கப் படித்துச் சரிபார்த்தவருக்கு, எதையும் மனத்துக்குள் படிக்க வராது. கல்வெட்டு முழுவதையும் தெருவே கேட்கும்படி படித்தார். படித்து முடித்துத் திரும்பியபோது, சாம்பல் நிறத் தொப்பி அணிந்த ஒருவர் பத்தடி தள்ளி நின்றார்.

மணிக்கூண்டிலும் அவர் நின்றார். பழைய நீதிமன்றத்திலும் நின்றார்.

“பின்னாடி பாக்காதே. அந்தத் தொப்பிக்காரன் இங்கயும் வந்துட்டான்.”

“ஊர் பாக்க வந்தவர் வேற எங்க போவாரு? ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்மள மாதிரிதான் வருவாரு.”

“கையில வரைபடமே இல்ல. கட்டடத்தையும் பாக்கல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, காதை மட்டும் நம்ம பக்கம் வெச்சிருக்கான். டிக்கெட் இல்லாதவன் இப்படித்தான் சன்னலோரம் உக்காந்திருப்பான்.”

“அப்ப போய் அபராதம் போட்டுட்டு வாங்க.”

நான்காம் இடத்தில் பரிசோதகர் வாயைத் திறக்கவில்லை. தொப்பிக்காரர் ஐந்தடி நெருங்கினார். ஐந்தாம் இடத்தில் கல்வெட்டை மனைவியின் காதோடு முணுமுணுத்தார். தொப்பிக்காரர் கைக்கெட்டும் தூரத்துக்கே வந்துவிட்டார். தன் காலடிச் சத்தத்துக்கு அஞ்சி ஓடிய முயல், ஓட ஓடச் சத்தமும் கூடுவதைக் கண்டு திகைத்ததாம். பரிசோதகரின் நிலையும் அதுதான்.

ஒரு தூணின் மறைவில், பையிலிருந்த பாஸ்போர்ட்டுகளை எடுத்து, தம் கையிலிருந்த மடக்கிய குடைக்குள் செருகினார்.

“எவனா இருந்தாலும் பையைத்தான் பிடுங்குவான். குடையை யாரு தொடுவா?”

“உங்க மூளைக்குத் தனியா ஒரு பூட்டுப் போடணும்ங்க,” என்றாள் மனைவி.

ஆறாவது, பழைய சுங்க மாளிகை. குடைகளை வாசலில் இருந்த பீப்பாயில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றார் காவலாளி. மறுத்துப் பேசினால் சந்தேகம் வரும் என்று, பரிசோதகர் முகத்தில் எதையும் காட்டாமல் குடையை வைத்தார். உள்ளே தராசுகளையும் முத்திரைக் கட்டைகளையும் பார்த்துக்கொண்டிருக்கையில் சாம்பல் தொப்பி வாசலில் தெரிந்தது. மனைவியின் கையைப் பற்றிப் பின்கதவு வழியாக வெளியேறி, மூன்று தெருக்கள் நிற்காமல் நடந்தார். படகுத்துறைக்கு வந்த பிறகே மூச்சு வாங்கிக்கொண்டார்.

“தப்பிச்சோம்.”

“வெயில் மண்டையப் பிளக்குது. குடை எங்கங்க?”

குடை சுங்க மாளிகைப் பீப்பாயிலேயே இருந்தது. பாஸ்போர்ட் இல்லாமல் கப்பல் இல்லை. கப்பல் இல்லையென்றால் மகள் அந்நிய ஊரில் தனியாகப் பிள்ளை பெற வேண்டியதுதான்.

திரும்பி நான்கு எட்டு வைப்பதற்குள் தெருமுனையில் சாம்பல் தொப்பி தோன்றியது. கையில் அவர்களுடைய குடை.

“குடையை விட்டுட்டு வந்துட்டீங்க சார்,” என்றார் தொப்பிக்காரர், மூச்சிரைக்க. “உங்க குரலும் கேக்கல. படகுத்துறைதானே ஏழாவதுன்னு காவலாளியக் கேட்டு வந்தேன். என் கண்ணாடி நேத்து உடைஞ்சுபோச்சு. ஒரு எழுத்துகூடத் தெரியல. முதல் இடத்துல நீங்க படிச்சதக் கேட்டேன். அப்புறம் உங்க பின்னாலயே வந்துட்டேன். கேக்கக் கூச்சமா இருந்துச்சு. பாதியில ஏன் சார் நிறுத்திட்டீங்க?”

பரிசோதகர் குடையை வாங்கினார். தொப்பிக்காரர் எதிரிலேயே அதை உதறிப் பார்க்க மனம் வரவில்லை. மனைவியோ வெயில் தாளாமல் அதை வாங்கி விரித்தாள். இரண்டு பாஸ்போர்ட்டும் தொப்பிக்காரரின் காலடியில் விழுந்தன.

அவர் குனிந்து எடுத்து, ஒன்றைத் திறந்து மூக்கருகே பிடித்துப் பார்த்தார். பிறகு நீட்டினார்.

“இதுல என்னமோ எழுதியிருக்கு. இதையும் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்.”

பரிசோதகர் அன்று முதன்முறையாக மனத்துக்குள் படித்தார்.

“என் பேருதான் சார்,” என்றார் மெல்ல. “வாங்க. ஏழாவது கல்வெட்டு அந்தப் பக்கம் இருக்கு.”