வாசற்படி வரை ஒரு மூச்சு

குழந்தைகளின் சாவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார். எனக்குப் பழகிவிட்டது. குணமாக வழியில்லாத பிள்ளைக்கு எதுவரை வைத்தியம், எங்கே நிறுத்துவது, அதனிடம் உண்மையைச் சொல்லலாமா என்றெல்லாம் பெரிய ஊர்களில் மேடையேறி வாய் கிழியப் பேசுகிறவள் நான், டாக்டர் ஆனந்தமேரி. திண்டுக்கல்லிலிருந்து குஜிலியம்பாறை போகிற ரோட்டில், ஒரு மத்தியானத்தில், அந்தப் பேச்செல்லாம் என்ன ஆனது என்று சொல்கிறேன்.

யுவராணிக்குப் பதினோரு வயது. முழங்காலில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. மழையை நம்பிச் சோளமும் கடலையும் போடுகிற அப்பா அசோக்குமாரும் அம்மா வீரலட்சுமியும் எங்கள் வார்டிலேயே கிடந்தார்கள். இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்பது அவர்களுக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆராய்ச்சிக்காகப் பிள்ளைகளிடம் நான் கேட்பவற்றில் ஒன்று, ‘உனக்கு எதுக்குப் பயம்?’ என்பது. ஊசி என்பார்கள், இருட்டு என்பார்கள். யுவராணி அம்மா வெளியே போகும்வரை காத்திருந்தாள்.

“எங்க சித்தப்பா ஆஸ்பத்திரியிலயே செத்துப் போயிட்டாக. வெளிய செத்தவுகள வீட்டுக்குள்ள விடமாட்டாக டாக்டரம்மா. தெருவுலதேன் போட்டிருந்தாக. மழை பெஞ்சுச்சு. அம்புட்டுப் பேரும் உள்ள ஓடிட்டாக. அவுக மட்டும் நனைஞ்சுக்கிட்டுக் கெடந்தாக. என்னைய மூச்சு இருக்கைலயே உள்ள கொண்டு போகச் சொல்லுங்க.”

“அம்மாட்ட நான் சொல்லட்டுமா?” என்றேன். தலையாட்டினாள்.

சொன்னதும் வீரலட்சுமி கொதித்துவிட்டாள். “எம்பிள்ளைகிட்ட சாவப் பத்தியா பேசுனீக? நீங்கள்லாம் படிச்சவுகதானா? எம்மக வீட்டுக்கு நடந்துதேன் வருவா.” அதன் பிறகு என் முகத்தையே பார்க்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போவது என்றாலே பிள்ளையைக் கைகழுவுவது என்று அவளுக்கு அர்த்தம். கெஞ்சிப் பார்த்தேன். ஒருநாள் கத்தவும் செய்தேன். அவள் அசையவில்லை.

மூச்சு இழுக்கத் தொடங்கிய அன்றுதான் தானாக வந்து நின்றாள். “கொண்டு போயிருவோம்.” தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது?

ஆம்புலன்ஸை ஃபயாஸ் ஓட்டினான். அவன் பக்கத்தில் அசோக்குமார். பின்னால் பிள்ளையின் தலைமாட்டில் நான், கால்மாட்டில் வீரலட்சுமி. வலி தெரியாமலிருக்க மார்ஃபின் கொடுத்திருந்தேன். “சீக்கிரம் போப்பா” என்பேன். வண்டி குலுங்கி யுவராணி முனகினால் “மெதுவாப்பா” என்பேன். பாவம், அவன் எதைத்தான் கேட்பான். அசோக்குமார் திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டே வந்தார்: “மூச்சு இருக்குல்ல டாக்டரம்மா?”

“இருக்கு.”

மாதாவே, வழியிலிருக்கிற எரியோடு ஊரைத் தாண்டட்டும் என்று வேண்டினேன். எரியோடு தாண்டியதும், கோவிலூர் தாண்டட்டும் என்று பேராசைப்பட்டேன்.

கோவிலூர் வரும்போது யுவராணி கண்ணைத் திறந்தாள். “வீடு வந்துருச்சா?”

“செத்த நேரந்தான் தங்கம்” என்றேன்.

அதற்கடுத்த மூச்சு வரவில்லை. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. போய்விட்டாள்.

இந்த இடத்தில் என்ன செய்வது என்று எத்தனையோ இளம் டாக்டர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். கையை எடு. பெற்றோரின் முகத்தைப் பார். ‘இறந்துவிட்டாள்’ என்றே சொல், சுற்றி வளைக்காதே. போன உயிருக்குக் காற்றடிப்பது வைத்தியமே இல்லை, பார்க்கிறவர்களுக்குக் காட்டுகிற வித்தை.

நான் ஆம்பு பேக்கை எடுத்தேன். கையால் அழுத்தி நெஞ்சுக்குள் காற்றைத் தள்ளுகிற ரப்பர் பை அது. பிள்ளையின் மூக்கும் வாயும் மூடும்படி வைத்து அழுத்தினேன். நெஞ்சு ஏறி இறங்கியது.

“மூச்சு இருக்குல்ல?”

“இருக்கு” என்றேன். என் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது. கையை எடுத்தால் பிள்ளை தெருவில் கிடக்கும், அழுத்தினால் நான் பொய்க்காரி. வேறு வழி இருந்ததா என்று இன்றுவரை எந்த மேடையிலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. வீரலட்சுமி மகளின் பாதங்களை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குனிந்தே இருந்தாள். அவளைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஊரில் வீட்டு முன்னால் கூட்டம். அசோக்குமாரின் அண்ணன் பொன்னுச்சாமி வண்டிக் கதவருகே வந்தார்.

“உசுரு இருக்கா? இல்லேன்னா உள்ள வேணாம்மா. வெளிய பந்தலுக்குச் சொல்லிட்டேன். வீட்டுல மத்த பிள்ளைக இருக்குதுக.”

கெட்ட மனிதரில்லை. அழுது அழுது கண் சிவந்திருந்தது. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நெஞ்சு ஏறி இறங்குறது தெரியலையா? வழிய விடுங்க!” என்று கத்தினேன். அவர் விலகினார்.

ஃபயாஸும் அசோக்குமாரும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் அழுத்திக்கொண்டே கூட ஓடினேன். கூட்டம் நெருக்கியதில் வாசலுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சர் நின்றுவிட்டது. என் விரல்கள் மரத்துப்போயிருந்தன. அதைவிட, மனசு விட்டுப்போனது. என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறேன்? பெற்றவளை இத்தனை பேர் முன்னால் ஏமாற்றுகிறேனே. கை தானாக நின்றது.

வீரலட்சுமி என் மணிக்கட்டைப் பிடித்தாள். இத்தனை நாள் பார்க்காத முகத்தை நேராகப் பார்த்தாள். என் காதோடு சொன்னாள்:

“நிறுத்தாதீக டாக்டரம்மா. கோவிலூர்லயே பிள்ளைக்குக் கால் சில்லுனு போயிருச்சு. நான் எதுவும் கேட்டனா? இன்னும் படி தாண்டல. அழுத்துங்க.”

அழுத்தினேன். படி தாண்டினோம். முன்னறையில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். பொன்னுச்சாமி பாலைக் கொண்டுவந்தார். பையைச் சற்று விலக்கினேன். பிள்ளையின் உதட்டில் ஒரு சொட்டு விட்டார். அப்போதும் என் கை பையை விடவில்லை. வீரலட்சுமிதான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். பிறகு மகளின் காதருகே குனிந்தாள்.

“உள்ள வந்துட்டோம்டி” என்றாள். அதற்குப் பிறகுதான் அலறினாள்.