மூன்றாம் மாடிக்கு ஏறாத தொட்டி

என் நாத்தனார் வெளிநாட்டுக்கு ஒரு வருஷ வேலையாகக் கிளம்பியபோது தன் வீட்டுச் சாவியையும் இரண்டு ஆமைகளையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். சாவியைக் கையில் கொடுத்தாள். ஆமைகளை ஒரு பிளாஸ்டிக் பேசினில், நடுவே ஒரு பிளாஸ்டிக் தென்னை மரத்தோடு கொடுத்தாள். கொடுத்துவிட்டு, கொஞ்சம்கூடக் கூசாமல் ஒரு வார்த்தையும் சொன்னாள்.

"அண்ணி, உங்க கையில கத்தாழையே கருகிப்போச்சு. இதுங்க ரெண்டையும் உயிரோட திருப்பிக் குடுத்தா போதும்."

கற்றாழை கருகியது உண்மைதான். அதற்காக அதை வாசலில் வைத்து, தன் அண்ணன் எதிரிலேயே சொல்லவேண்டுமா? என் வீட்டுக்காரரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கே முடிவு செய்தேன். இந்த ஆமைகள் என் கையில் கொழுத்துத் திரியவேண்டும், இவள் திரும்பி வந்து பார்த்து வாயடைத்து நிற்கவேண்டும்.

நானும் என் வீட்டுக்காரரும் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறோம். அவர் பவர் பார்ப்பார், லென்ஸைத் தேய்ப்பார். நான் ஃபிரேம் பொருத்துவேன். காதுக்கும் மூக்குக்கும் அரை மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்காமல் அளக்கிற கை என்னுடையது. இந்த அளக்கிற புத்தி பின்னால் எனக்கு எப்படிக் கைகொடுத்தது என்பதையும் சொல்கிறேன்.

ஆமைகள் அப்போது உள்ளங்கை அளவு. காதோரம் சிவப்புக் கோடு. பெரியதற்கு மேனேஜர் என்று நாத்தனார் பெயர் வைத்திருந்தாள். ஒரு வேலையும் செய்யாமல் கழுத்தை நீட்டி எல்லோரையும் கண்காணிக்கும். சின்னது டைப்பிஸ்ட். மேனேஜர் முகத்துக்கு நேரே போய் நின்று முன்னங்கால் நகங்களைப் படபடவென்று ஆட்டும். மேனேஜர் கண்டுகொள்ளாது. டைப்பிஸ்டும் விடாது.

ஞாயிறுதோறும் நாத்தனார் வீடியோவில் வந்து இன்ஸ்பெக்‌ஷன் நடத்தினாள். தண்ணீர் ஏன் டீ மாதிரி இருக்கிறது, டைப்பிஸ்ட் ஏன் மூலையில் ஒதுங்கியிருக்கிறாள், வெயில் படுகிறதா இல்லையா. அவள் வீட்டில் பேசின் பால்கனி வெயிலில் இருந்தது. எங்கள் வீடு தரைத்தளம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். நான்காவது ஞாயிறு, முடியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், தோழி ஒருத்தியிடம் விட்டுவிடுகிறேன் என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மறுநாளே மீன் கடைக்குப் போனேன்.

மீன் கடைக்காரர் கலர் கூழாங்கற்களையும், குமிழி விடும் புதையல் பெட்டியையும் என் தலையில் கட்டப் பார்த்தார். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு மனுஷனை உண்மையைக் கக்கவைத்தேன். கூழாங்கல்லை ஆமை விழுங்கிவிடும். கல் வைத்தால் அதன் தலையைவிடப் பெரியதாக வைக்கவேண்டும். ஆமை மீனைப்போல் நாசூக்காக அசிங்கம் செய்வதில்லை, ஆகவே மீன் தொட்டிக்குச் சொல்கிற ஃபில்டரைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். தண்ணீரைவிட்டு ஏறி உடம்பைக் காயவைக்க ஒரு மேடை, ஏறச் சரிவு. மேடைக்கு மேலே இரண்டு விளக்கு. ஒன்று சூட்டுக்கு. இன்னொன்று வெயிலில் இருக்கிற யூவி கதிருக்கு. அது இல்லாவிட்டால் ஓடு இறுகாது.

மூன்றடித் தொட்டி வாங்கி எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்தேன். யூவி என்ற சொல் காதில் விழுந்ததும் என் வீட்டுக்காரருக்குக் கொம்பு முளைத்துவிட்டது. இருபது வருஷமாகக் கடைக்கு வருகிற ஒருவரையும் விடாமல் அந்தக் கதிரைச் சொல்லிப் பயமுறுத்திப் பூச்சு போட்ட லென்ஸ் விற்கிறவர் அவர். அந்தச் சின்னக் கண்களை நினைத்து உருகிப்போனார். கடையில் சாம்பிளுக்கு வந்த பூச்சுக் கண்ணாடிப் பலகை ஒன்றை அளவாக அறுத்து, ஓரம் தேய்த்து, தொட்டிக்கு மூடியாகப் போட்டார். விளக்கு இரண்டையும் அதன்மேல் வைத்தார். பக்கத்திலிருந்து பார்த்தால் ஊதாவாக மின்னியது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது என்று கரடி விடமாட்டேன். நானும்தான் ஆகா என்று பாராட்டினேன்.

நான்கு மாதம் ராஜ வாழ்க்கை. தண்ணீர் பளிங்காக இருந்தது. நாத்தனாருக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிறு, "ம், பரவால்ல அண்ணி" என்றாள். அவள் வாயிலிருந்து அது வருவதற்கு எத்தனை கஷ்டப்பட்டிருக்கும் என்று நினைத்து நினைத்து உச்சி குளிர்ந்துபோனேன்.

அடுத்த வாரம் டைப்பிஸ்ட் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டது. தீனியைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கையில் எடுத்துப் பார்த்தேன். ஓட்டின் ஓரம், விரல் வைத்த இடத்தில், நனைந்த அட்டைபோல் அமுங்கியது. இரண்டையும் ஈரத் துண்டில் சுற்றிக்கொண்டு இருவரும் மிருக டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டர் தீனியை விசாரித்தார். சரி என்றார். ஃபில்டர், மேடை, சூடு, எல்லாம் சரி. யூவி விளக்கு புதியது என்றதும் அவருக்கே புரியவில்லை. மூடி ஏதாவது உண்டா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"என் கைப்பட செஞ்சது டாக்டர். ஒரு துளி யூவி உள்ள போகாது."

"அப்ப யூவி லைட்டு எதுக்கு வச்சீங்க?"

"யூவிக்குத்தான்."

சொல்லிவிட்டு அவர் வாயைத் திறந்தபடியே இருந்தார். டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார். அந்தக் கண்ணாடியும் எங்கள் கடையில் வாங்கியதுதான்.

"நாலு மாசமா ஆமைங்களுக்குக் கூலிங் கிளாஸ் போட்டு வச்சிருக்கீங்க."

சாதாரணக் கண்ணாடியே அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுமாம். இவர் போட்டது அதற்கென்றே பிறந்த கண்ணாடி. மூடியை எடுத்துவிட்டுக் கம்பிவலை போடச் சொன்னார். கால்சியம் எழுதிக்கொடுத்தார். தினமும் காலையில் நேர் வெயில். மேனேஜர் உடம்பு தாங்கிக்கொண்டது. டைப்பிஸ்டைப் பற்றி மட்டும் பார்க்கலாம் என்றார். டாக்டர்கள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அதன்பின் தினமும் காலையில் கடை வாசலில் ஆமைகளோடு ஒரு டப். பாதி வெயில், பாதிக்குக் குடை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு என் வீட்டுக்காரர் காவல். இருபது வருஷமாக முழங்கிய வசனம் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. ஒரு அம்மா தானாகவே, யூவி பூச்சு அவசியமா என்று கேட்டார். இவர் டப்பைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், உங்களுக்கு அவசியம், ஆமைக்கு வேண்டாம் என்றார். அந்த அம்மா வேறு கடைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் கண்டம். உண்மையைச் சொன்னால் மறுநாளே அந்தத் தோழி வந்து ஆமைகளைத் தூக்கிக்கொண்டு போவாள். ஆகவே நான் திருட்டு வேலை செய்தேன். முதலில் மேனேஜரை இடப்பக்கத்திலிருந்து காட்டுவேன். ஃபோனைத் தரையில் தவறவிடுவேன். எடுத்து, அதே மேனேஜரை வலப்பக்கத்திலிருந்து காட்டி, இதோ டைப்பிஸ்ட் என்பேன். மூன்று வாரம் இப்படி ஓட்டினேன். நாத்தனார் ஒன்றும் கேட்கவில்லை. ஏமாந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

மற்ற நேரமெல்லாம் டைப்பிஸ்டை மடியில் வைத்துக்கொண்டு, கால்சியம் தூவிய புழுவை இடுக்கியில் பிடித்து வாயருகே ஆட்டிக்கொண்டிருந்தேன். புழு என்றால் ஒருகாலத்தில் அலறியவள் நான். சில நாள் அழுதேன். ஆமைக்காகவா என்று கேட்பார்கள். ஆமாம், ஆமைக்காகத்தான்.

இருபத்தைந்தாம் நாள் டைப்பிஸ்ட் தண்ணீரில் இறங்கியது. நேராக மேனேஜர் முகத்துக்கு முன்னால் போய் நின்று, நகங்களைப் படபடவென்று ஆட்டியது. மேனேஜர் கண்டுகொள்ளவில்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. கூடவே இன்னொன்றும் தெளிவாகத் தெரிந்தது. இவர்களைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது.

மாட்டேன் என்று நேரடியாகச் சொல்ல முடியுமா? அவளுடைய ஆமை. இங்கேதான் என் அளக்கிற புத்தி விழித்துக்கொண்டது. இவை தட்டு அளவுக்கு வளரும், ஆறடித் தொட்டியாவது வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாத்தனார் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. தூசி தட்டுகிற சாக்கில் டேப்போடு போனேன். அவள் இருப்பது மூன்றாம் மாடி. லிஃப்டில் இரண்டு பேர் நின்றால் மூக்கு இடிக்கும். படிக்கட்டுத் திருப்பத்தில் ஆறரை அடிக்குமேல் நீளமாக எதுவும் வளையாது. ஹாலில் காலியாக இருக்கும் சுவர் ஏழடி.

எட்டடிக்கு ஆர்டர் கொடுத்தேன்.

சும்மா இல்லை, சாட்சிக் கடிதமும் வாங்கினேன். டாக்டர் ஆறடி என்று எழுதிக்கொண்டிருந்தபோது, எட்டு என்று போட்டால் ஆமைகளுக்குக் கெடுதலா என்று கேட்டேன். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று சொல்லி மாற்றி எழுதினார். கண்ணாடி வேலைக்காரர் பலகைகளைத் தனித்தனியாகக் கொண்டுவந்து எங்கள் ஹாலிலேயே ஒட்டினார். வீடு மாறினால் உடைத்துத்தான் எடுக்கவேண்டும் என்று எச்சரித்தார். எனக்கு அது சங்கீதமாகக் கேட்டது.

அந்தத் தொட்டியை நீங்கள் பார்க்கவேண்டும். அடியில் வெறும் கண்ணாடி, தட்டையான பெரிய கற்கள் நாலு. அவர்கள் நீந்திக் களைக்கிற அளவுக்கு ஆழம். ஒரு கோடியில் மரப்பட்டை மேடை, மேலே ஒரு சாண் சொச்சத்தில் விளக்குகள், நடுவில் கம்பிவலையைத் தவிர ஒன்றும் கிடையாது. மறு கோடியில் மணல் பெட்டி. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தாலே கையைக் கட்டிக்கொண்டுதான் வரவேண்டும் என்று சட்டம் போட்டேன்.

நாத்தனார் சொன்ன தேதியில், காலையில் வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். நேரே தொட்டிக்குப் போனாள். இரண்டும் காலை அடித்துக்கொண்டு அவளிடம் ஓடின. எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் டைப்பிஸ்டைத் தூக்கி ஓட்டின் ஓரத்தை விரலால் சுற்றி அழுத்திப் பார்த்தாள். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, உன்னிடம் அனுப்பத்தான் நினைத்தோம், டாக்டர்தான் எட்டடிக்குக் குறையக் கூடாது என்கிறார், உன் மாடிக்கு இது எப்படி ஏறும் என்று இழுத்தேன். கடிதத்தை நீட்டினேன்.

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது ஆறு அண்ணி. மேல எட்டா மாத்தியிருக்கு."

என் காது சூடாகியது. வீட்டுக்காரர் சத்தமில்லாமல் கடைக்கு நழுவப் பார்த்தார். அவள் விடவில்லை, உட்காரச் சொன்னாள்.

"வீடியோவுல தரை டைல்ஸை எண்ணினேன். நாலு டைல்ஸ், ஒவ்வொண்ணும் ரெண்டடி. என் கட்டிலே என் வீட்டுப் படியில ஏறாம அறுத்துத்தான் கொண்டுபோனோம். இதை எதுக்குக் கட்டுறீங்கன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. அதுக்கு முன்னாடி மூணு வாரம் மேனேஜரையே ரெண்டு தடவை காட்டினீங்க. அதுவும் தெரியும்."

ஏன் அப்போதே கேட்கவில்லை என்றேன்.

"உங்க கண்ணு ரெண்டும் அழுது வீங்கியிருந்துச்சு. அதுங்களுக்காக இப்படி அழறவங்ககிட்டேருந்து எதுக்கு எடுக்கணும்?"

கையும் களவுமாகப் பிடிபட்டவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. இரண்டு ஆட்கள் இறங்கி, குறுக்கே அறுத்து ஒட்டிய கட்டில் ஒன்றை இறக்கினார்கள். பின்னாலேயே அட்டைப் பெட்டிகள் வந்தன.

"நேத்தே வந்துட்டேன் அண்ணி. என்கிட்ட இருந்த இன்னொரு சாவியால திறந்து வீட்டைக் காலி பண்ணிட்டேன். அங்க ஒரு வருஷம் தனியா உக்காந்து சாப்பிட்டது போதும்னு ஆயிடுச்சு. இங்க வரட்டுமான்னு கேக்க வெக்கமா இருந்துச்சு. நீங்க தொட்டி கட்டினீங்க, எனக்கு ஒரு சாக்கு கெடச்சுது. என் ஆமைங்க எங்கயோ அங்கதானே நான் இருக்கணும்?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் விட்டத்தைப் பார்த்தார். படிக்கட்டு, லிஃப்ட், சுவர் எல்லாவற்றையும் அளந்தவள், இவளை அளக்காமல் விட்டுவிட்டேன்.

"கோவமா அண்ணி?"

"ஆமா," என்றேன்.

கோபமாகத்தான் இருந்தது. அந்தக் கோபத்தோடேயே பின் அறைக்குப் போய், அங்கே கூரைவரை அடுக்கி வைத்திருந்த பழைய ஃபிரேம் பெட்டிகளை, கட்டிலுக்கு இடம் வேண்டுமே என்று, ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தேன்.